19570831: ஒரு பெரிய முழு எண்ணைப் பகுத்து வகைப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்ட 1957 ஆகஸ்டு 31ஆம் நாளை, ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் இடைவெளி விடாமல் எழுதினால் 19570831 என்னும் எட்டிலக்க எண் கிடைக்கிறது. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களும் பிறந்த தேதியை இதே வரிசையில்தான் சொல்கின்றன என்பதால், மலேசியருக்கு இந்த வரிசை புதிதன்று. தலைநகரில் நான் வார இறுதியில் நடத்தும் கணித வகுப்பு ஒன்றில், ஆகஸ்டு மாதக் கொடிகள் சாலையோரம் பறக்கத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, ஒரு மாணவி இந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, "ஐயா, இது பகா எண்ணா?" என்று கேட்டார். ஒற்றைப்படையில் முடிகிறது, 3ஆலும் 5ஆலும் வகுபடவில்லை, தோற்றமும் முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதால், "அப்படித்தான் தெரிகிறது" என்று சொல்லிவிட்டேன். அது தவறான விடை. தோற்றத்தைப் பார்த்து எண்ணுக்குக் குணம் சொல்லக் கூடாது என்பதை நானே மறந்த அந்த நாளின் தொடர்ச்சியாகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படும் முறை இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் உரியதன்று. எட்டு அல்லது ஒன்பது இலக்கம் கொண்ட எந்த முழு எண்ணையும் தாள், பென்சில், பொறுமை ஆகிய மூன்றைக் கொண்டு இதே வழியில் ஆராயலாம். இந்த எண்ணுக்கு 211 வரையிலான பகா எண்களின் பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும். அவை மொத்தம் 47. பள்ளியில் நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்களைப் படித்தவர்கள் இன்னும் 22 எண்களைச் சேர்த்துக்கொண்டால் போதும். கணிப்பானைச் சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துமாறு என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் கேட்பதில்லை என்பது வேறு.

எண்ணை வாசிப்பதும் அதன் அளவை அறிவதும்

நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூல் முறையில் எண்குறிப்பு 19 570 831 என்று மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து எழுதப்படும். எண்மானத்தில் அது பத்தொன்பது மில்லியன் ஐந்நூற்று எழுபதாயிரத்து எண்ணூற்று முப்பத்து ஒன்று ஆகும். தமிழகத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் இதையே ஒரு கோடியே தொண்ணூற்றைந்து இலட்சத்து எழுபதாயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று என்று வாசிப்பார். எண் ஒன்றுதான், வாசிப்புதான் இரண்டு. மூன்றிலக்கப் பிரிப்புக்கு வாசிப்பைத் தாண்டிய ஒரு பயனும் உண்டு. அது சற்று நேரத்தில் தெரியவரும்.

அளவை அறிவதற்கு முதலில் வர்க்க மூலத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும். 4423² = 19562929, 4424² = 19571776. நம் எண் இவ்விரண்டுக்கும் இடையில் விழுவதால் அது வர்க்க எண் அன்று. அதன் வர்க்க மூலம் 4423ஐவிடச் சற்றே பெரியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பகு எண்ணுக்கும் அதன் வர்க்க மூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருக்கும் என்பதால், அடுத்து வரும் வேலைக்கு இந்த 4423தான் எல்லைக்கல். 269³ = 19465109, 270³ = 19683000 என்பதால் அது கன எண்ணும் அன்று. 1இலிருந்து 6255 வரை கூட்டினால் 19565640, 6256 வரை கூட்டினால் 19571896 வருகிறது. ஆகவே அது முக்கோண எண்ணும் அன்று. இத்தகைய "அன்று"கள் சலிப்பூட்டினாலும், வகைப்படுத்தலின் பாதி வேலை இப்படி விலக்குவதில்தான் முடிகிறது.

உடலும் உடையும்

மேலே செல்வதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் எண்ணின் பண்புகள் இரண்டு வகைப்படும். பகா எண்ணா, எத்தனை காரணிகள் கொண்டது, எத்தனை வர்க்கங்களின் கூட்டல் என்பவை எண்ணின் உடலைச் சேர்ந்தவை. அந்த எண்ணைப் பத்தடிமானத்தில் எழுதினாலும் இரண்டடிமானத்தில் எழுதினாலும், பழைய தமிழ் எண்ணுருக்களில் எழுதினாலும் அவை மாறுவதில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை, முன்பின்னாக வாசித்தால் என்ன வரும், எந்த இலக்கம் எத்தனை முறை வருகிறது என்பவை உடையைச் சேர்ந்தவை. நமக்குப் பத்து விரல்கள் இருப்பதால் பத்தடிமானத்தில் எழுதுகிறோம், அவ்வளவுதான். எண்களின் பெயரில் பரவும் வியப்புச் செய்திகளில் பெரும்பாலானவை உடையைப் பற்றியவை. அவை பொய் அல்ல, ஆனால் எண்ணைப் பற்றி அதிகம் சொல்வதும் இல்லை. ஆகவே உடலை முதலில் பார்ப்போம். உடலின் அனைத்துப் பண்புகளுக்கும் சாவி பகாக் காரணிகளில் இருக்கிறது.

மலிவான சோதனைகளை முதலில் முடித்தல்

கடைசி இலக்கம் 1 என்பதால் 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 1+9+5+7+0+8+3+1 = 34. இது 3இன் மடங்கு அன்று என்பதால் 3உம் 9உம் விலகிவிடுகின்றன.

7, 11, 13 ஆகிய மூன்றுக்கும் ஒரே சோதனை போதும் என்பது பலருக்குத் தெரியாத வசதி. 7 × 11 × 13 = 1001 என்பதால், ஆயிரத்தை இம்மூன்றில் எதனால் வகுத்தாலும் அது −1 போலவே நடந்துகொள்கிறது. ஆகவே எண்ணை வலப்புறமிருந்து மூன்றிலக்கத் தொகுதிகளாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டியும் கழித்தும் வந்தால் ஒரு சிறிய எண் கிடைக்கும். பெரிய எண் தரும் அதே மீதியை இந்தச் சிறிய எண்ணும் தரும். நம் எண்ணுக்கு:

831 − 570 + 19 = 280

280ஐ 7 மீதியின்றி வகுக்கிறது. 11ஆல் வகுத்தால் மீதி 5, 13ஆல் வகுத்தால் மீதி 7. ஒரு வரிக் கணக்கில் விடை வந்துவிட்டது: 19570831 ஒரு பகு எண், 7 அதன் காரணி. வகுப்பில் இந்த ஒரு வரியை எழுதிப் பார்த்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

19570831 ÷ 7 = 2795833

தொடர்ந்து வகுத்தல்

இப்போது கையில் இருப்பது 2795833. எண் சிறுத்ததும் எல்லைக்கல்லும் நகர்கிறது. 1672² = 2795584 என்பதால் இனி 1672 வரையிலான பகா எண்களைச் சோதித்தால் போதும். தொடக்கத்தில் 4423 வரை, அதாவது ஏறக்குறைய 600 பகா எண்களைச் சோதிக்க வேண்டியிருக்கும் என்ற அச்சம் இருந்தது. ஒரு காரணி கிடைத்ததும் அந்த அச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. காரணி கிடைக்கும் ஒவ்வொரு முறையும் எல்லையைத் திருத்திக்கொள்ளாமல் பழைய எல்லை வரை வகுத்துக்கொண்டே போவதுதான் மாணவர்கள் செய்யும் மிகப் பெரிய வீண் உழைப்பு.

2, 3, 5, 11, 13 ஆகியவை முன்பே விலகிவிட்டன. 7 மட்டும் மீண்டும் ஒரு முறை வகுக்கக்கூடும் என்பதால் அதைத் திரும்பச் சோதிக்க வேண்டும். 833 − 795 + 2 = 40, இது 7இன் மடங்கு அன்று. எனவே 7 ஒரே ஒரு முறைதான் வருகிறது. அடுத்தடுத்த பகா எண்களால் 2795833ஐ வகுக்கும்போது கிடைக்கும் மீதிகள் பின்வருமாறு: 17க்கு 13, 19க்கு 2, 23க்கு 22, 29க்கு 1, 31க்கு 5, 37க்கு 2, 41க்கு 2, 43க்கு 16, 47க்கு 38, 53க்கு 30. அடுத்ததாக 59ஆல் வகுக்கும்போது மீதி ஏதும் இல்லை.

2795833 ÷ 59 = 47387

முதன்முறை இதைக் கையால் செய்தபோது 59இல் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதி, மீதி 10 என்று கணக்கிட்டு, அதைத் தாண்டிச் சென்றுவிட்டேன். பிறகு இரவு வெகுநேரம் வரை முந்நூறுகளிலும் நானூறுகளிலும் இருக்கும் பகா எண்களோடு மல்லுக்கட்டியதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு வகுத்தலையும் எழுதிய உடனேயே ஈவை வகுஎண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டிப் பார்ப்பது நேரத்தை இரட்டிப்பாக்குவது போலத் தோன்றும். அன்று இரவு நான் இழந்த நேரத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய விலை.

47387 பகா எண்ணா?

217² = 47089, 218² = 47524. ஆகவே 217 வரை சோதிக்க வேண்டும். 53 வரையிலான பகா எண்கள் எதுவும் 47387ஐ வகுக்காது என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. அவற்றுள் ஏதேனும் ஒன்று வகுத்திருந்தால் அது 2795833ஐயும் வகுத்திருக்கும். எஞ்சியிருப்பவை 59 முதல் 211 வரையிலான 31 பகா எண்கள் மட்டுமே.

இந்த 31 வகுத்தல்களையும் வாசகர் ஒருமுறை தாமே செய்து பார்ப்பது நல்லது. இடையில் சில சுவையான இடங்கள் வருகின்றன. 59ஆல் வகுத்தாலும் 73ஆல் வகுத்தாலும் மீதி 10தான். பிழை செய்துவிட்டோமோ என்று ஐயம் எழும், ஆனால் பிழை இல்லை. 47377 = 11 × 59 × 73 என்பதே அதன் காரணம். அதுபோலவே 67உம் 101உம் ஒரே மீதியான 18ஐத் தருகின்றன, ஏனெனில் 47369 = 7 × 67 × 101. மிக அருகில் வந்து ஏமாற்றும் எண் 149. 149 × 318 = 47382, வெறும் 5 மீதி. 103 × 460 = 47380 என்பதால் அங்கே மீதி 7. கடைசியாக 211 × 224 = 47264, மீதி 123. எதுவும் சரியாக வகுக்காததால் 47387 ஒரு பகா எண் என்பது உறுதியாகிறது.

19570831 = 7 × 59 × 47387

ஒரே எண்ணை வெவ்வேறு வரிசையில் வகுத்துக்கொண்டு வந்தாலும் இதே மூன்று பகா எண்கள்தான் கிடைக்கும். ஒன்றைவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணுக்கும் பகாக் காரணிகளின் தொகுதி ஒன்றே ஒன்றுதான் என்று எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் சொல்கிறது. ஆகவேதான் இந்த ஒரு வரியை எண்ணின் பிறப்புச் சான்றிதழ் என்று நான் அழைப்பேன்.

பெருக்கிச் சரிபார்க்க நேரம் இல்லாதவர்கள் ஒன்பதை நீக்கும் பழைய முறையைப் பயன்படுத்தலாம். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 34, மீண்டும் கூட்டினால் 7. காரணிகளின் பக்கம் 7, 59இலிருந்து 14, அதிலிருந்து 5, 47387இலிருந்து 29, அதிலிருந்து 11, அதிலிருந்து 2. 7 × 5 × 2 = 70, அது மீண்டும் 7. இரண்டு பக்கமும் பொருந்துகின்றன. இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய பிழையை இந்தச் சோதனை பிடிக்காது என்பதால் 11ஆல் வரும் மீதிகளையும் பார்ப்பது நல்லது: 7, 4, 10 ஆகியவற்றைப் பெருக்கினால் 280. அதை 11ஆல் வகுத்தால் மீதி 5. நம் எண்ணை 11ஆல் வகுத்தபோதும் 5தான் வந்தது.

வேறு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்க்கலாம். ஒற்றைப்படை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வேறுபாடாக எழுதி உடைக்கும் முறை ஒன்றை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா பயன்படுத்தினார். 4424, 4425, 4426 என்று ஏறிக்கொண்டே போய், அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் மீண்டும் ஒரு வர்க்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் முயற்சியில் 945 வருகிறது, அது வர்க்கம் அன்று. விடை கிடைப்பது 23900இல்தான்:

23900² − 23487² = 571210000 − 551639169 = 19570831

இதற்கு 19477 முயற்சிகள் தேவை. காரணிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும் எண்ணுக்கு ஃபெர்மாவின் முறை மின்னல் வேகத்தில் வேலை செய்யும். இங்கே 413க்கும் (அதாவது 7 × 59) 47387க்கும் இடையே உள்ள தொலைவு மிக அதிகம் என்பதால் அது தள்ளாடுகிறது. ஆயினும் 23900 என்னும் உருண்டையான எண் அங்கே காத்திருந்தது எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது.

காரணிகளிலிருந்து கிளைக்கும் பண்புகள்

மூன்று வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை பெருக்கப்பட்டுக் கிடைக்கும் எண்ணுக்கு ஸ்பீனிக் எண் என்று பெயர். ஆப்பு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. மருத்துவமனையில் இருந்த இராமானுஜனைப் பார்க்க ஆங்கிலக் கணிதர் ஹார்டி வந்த வாடகைக் காரின் எண்ணான 1729உம் இதே வகையைச் சேர்ந்தது, ஏனெனில் 1729 = 7 × 13 × 19. எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் நம் எண்ணை வகுக்காததால் அது வர்க்கக் காரணியற்ற எண்ணும் ஆகிறது. இத்தகைய எண்ணின் பகாக் காரணிகள் இரட்டைப்படையில் இருந்தால் 1, ஒற்றைப்படையில் இருந்தால் −1 என்று சொல்லும் மோபியஸ் சார்பு, பகாக் காரணிகள் மூன்று என்பதால் அதற்கு −1 என்னும் மதிப்பைத் தருகிறது.

மொத்தக் காரணிகள் 2 × 2 × 2 = 8. அவை 1, 7, 59, 413, 47387, 331709, 2795833, 19570831. ஒவ்வொரு பகாக் காரணியோடும் 1ஐக் கூட்டிப் பெருக்கினால் இவற்றின் கூட்டுத்தொகை நேரடியாகக் கிடைக்கும்: 8 × 60 × 47388 = 22746240. எண்ணைத் தவிர்த்த மற்ற ஏழு காரணிகளின் கூட்டுத்தொகை 3175409. இது எண்ணைவிட மிகவும் குறைவு என்பதால் 19570831 ஒரு குறைவெண். கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக இருந்தால் நிறைவெண், மிகுந்தால் மிகையெண். நிறைவெண்கள் மிக அரியவை. 6, 28, 496, 8128 ஆகிய நான்குக்குப் பிறகு ஐந்தாவது 33550336. இடையில் இருக்கும் பெரும் பாலைவனத்தில்தான் நம் எண் இருக்கிறது. ஃபெர்மாவின் முதல் முயற்சியில் எஞ்சிய 945ஐ நினைவிருக்கிறதா? ஒற்றைப்படை மிகையெண்களில் மிகச் சிறியது அந்த 945தான். ஒற்றைப்படைக் குறைவெண் ஒன்று தனக்கு மேலே உள்ள வர்க்கத்திலிருந்து சரியாக அந்தத் தொலைவில் நிற்பது தற்செயல், ஆனால் அழகான தற்செயல்.

நம் எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாமல், அதைவிடச் சிறியதாக இருக்கும் எண்கள் எத்தனை என்பதை ஆய்லரின் ஃபை சார்பு சொல்கிறது. இம்முறை ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் 1ஐக் கழித்துப் பெருக்க வேண்டும்: 6 × 58 × 47386 = 16490328. நூற்றுக்கு ஏறக்குறைய 84 எண்கள் நம் எண்ணோடு எந்தக் காரணியையும் பகிர்ந்துகொள்வதில்லை. இணைய வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. மறைக்குறியாக்கத்தின் உயிர்நாடியும் இந்தச் சார்புதான். அங்கே 617 இலக்க எண்கள் பயன்படுத்தப்படுவதாலும், அவற்றின் காரணிகளில் சிறிய பகா எண்கள் இல்லாததாலும், நாம் மேலே செய்தது போன்ற வகுத்தல் வேலைக்கு அங்கே இடமில்லை.

பகா எண் வேடமிட்டு ஏமாற்றும் கார்மைக்கேல் எண்களின் பட்டியலில் இது வருமா என்றும் பார்க்கலாம். அதற்கு மூன்று பகாக் காரணிகளாவது வேண்டும், அது இருக்கிறது. ஒவ்வொரு காரணியிலிருந்தும் 1ஐக் கழித்தால் வரும் எண் 19570830ஐ வகுக்க வேண்டும். 6 வகுக்கிறது. 58 வகுக்கவில்லை. அத்தோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது. 1729 இந்தத் தேர்வில் தேறிவிடும்.

மூன்று காரணிகளுக்கும் பொதுவான இன்னொரு சிறப்பும் உண்டு. 5, 7 என்பவை இரட்டைப் பகா எண்கள், அதாவது 2 மட்டுமே வேறுபடும் இணை. 59, 61 என்பவையும் அப்படியே. 47387க்கு அடுத்துள்ள 47389ஐயும் 217 வரை சோதித்துப் பார்த்தேன், அதுவும் பகா எண்தான். ஆக, நம் எண்ணின் பகாக் காரணிகள் மூன்றுமே இரட்டையருள் ஒருவர்.

எத்தனை வர்க்கங்களின் கூட்டல்?

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 4ஆல் வகுத்தால் 7, 59, 47387 ஆகிய மூன்றுமே மீதி 3ஐத் தருகின்றன. இத்தகைய பகா எண் ஒன்று ஒற்றைப்படை முறை காரணியாக வந்தால், அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. நம்மிடம் அப்படிப்பட்டவை மூன்று இருக்கின்றன. இரண்டு வர்க்கங்கள் போதா.

மூன்று வர்க்கங்கள் போதுமா? எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றுள் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. வேண்டுமானால் எல்லாச் சேர்க்கைகளையும் எழுதிப் பாருங்கள், பத்துதான் வரும். நம் எண்ணின் கடைசி மூன்று இலக்கமான 831ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே மூன்று வர்க்கங்களும் போதா.

நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்சு 1770இல் நிறுவினார். அவர் சொன்னது உண்மைதான் என்பதைக் கையால் காட்டலாம். எண்ணுக்குள் அடங்கும் மிகப் பெரிய வர்க்கமான 4423²ஐக் கழித்தால் 7902 எஞ்சுகிறது. அதிலிருந்து 88²ஐக் கழித்தால் 158, இதில் 79 காரணியாக வருவதால் இரண்டு வர்க்கங்களாகப் பிரியாது. ஒரு படி இறங்கி 87²ஐக் கழித்தால் 333 எஞ்சுகிறது, அது 18² + 3². எனவே:

19570831 = 4423² + 87² + 18² + 3²

தேவையான அளவுக்கு மேல் ஒரு வர்க்கமும் இங்கே இல்லை. நான்கு கட்டாயம் வேண்டும் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது நம் எண்.

உடையைப் பற்றிய பண்புகள்

இனி எழுத்து வடிவத்தைப் பார்க்கலாம். இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு இந்தியக் கணிதர் காப்ரேகர் ஹர்ஷத் எண் என்று பெயரிட்டார். 34 இரட்டைப்படை, நம் எண் ஒற்றைப்படை, ஆகவே வகுபடாது. பகாக் காரணிகளின் இலக்கங்களைக் கூட்டினால் 7 + 14 + 29 = 50, இது 34க்குச் சமம் இல்லை என்பதால் ஸ்மித் எண்ணும் அன்று.

மகிழ் எண் சோதனையில்தான் வகுப்பறை கலகலத்தது. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, கிடைக்கும் எண்ணுக்கும் அதையே மீண்டும் மீண்டும் செய்து, இறுதியில் 1ஐ அடைந்தால் அது மகிழ் எண். 1 + 81 + 25 + 49 + 0 + 64 + 9 + 1 = 230. பிறகு 4 + 9 + 0 = 13, பிறகு 1 + 9 = 10, பிறகு 1. விடுதலை நாள் ஒரு மகிழ் எண்! நாம் வழக்கமாக எழுதும் முறைப்படி நாளை முன்னால் வைத்து 31081957 என்று எழுதினாலும் இலக்கங்கள் அவையே என்பதால் மகிழ்ச்சி குறைவதில்லை. ஆனால் காரணிகள் அப்படி இடம் மாறி வருவதில்லை. 31081957ஐ 7 வகுக்காது, மீதி 4. உடைக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டடிமானத்தில் எழுதினால் 1001010101010000010001111 என்று 25 இலக்கங்கள் வருகின்றன. அவற்றுள் 11 ஒன்றுகள், 14 சுழியங்கள். கடைசியில் நிற்கும் மூன்று ஒன்றுகள்தான் 8ஆல் வகுத்தால் மீதி 7 என்பதைக் கண்ணுக்குக் காட்டுகின்றன.

தற்செயல்களை என்ன செய்வது?

அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் "மெர்டேக்கா" என்று ஏழு முறை முழங்கினார், எண்ணின் முதல் காரணியும் 7. அந்த அரங்கின் பக்கத்திலேயே இன்று 678.9 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு 118 மாடிகள், அதில் பாதி 59. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவர், "அப்போ 47387ஐ நம்பர் கடையில் எழுதலாமா, ஐயா?" என்றார். நான்கு இலக்க அதிர்ஷ்டச் சீட்டில் ஐந்து இலக்க எண்ணை எழுத முடியாது என்பது மட்டுமே நான் சொன்ன பதில். தேதியாகப் பிறந்த எண்ணுக்குத் தான் ஒரு தேதி என்பது தெரியாது. 7உம் 59உம் அந்த நாளுக்கு முன்பும் அந்த எண்ணை வகுத்தன. இத்தகைய ஒற்றுமைகளைக் காரணிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கொக்கியாகப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் அவற்றின் மீது எடை ஏற்றக் கூடாது.

அடுத்த எண்

முறையை வேறோர் எண்ணில் பழக விரும்புவோருக்கு மலேசியா உருவான 1963 செப்டம்பர் 16ஆம் நாள் பொருத்தமாக இருக்கும். 19630916இன் கடைசி இரண்டு இலக்கமான 16ஐ 4 வகுப்பதால் அந்த எண்ணையும் 4 வகுக்கும்: 19630916 = 4 × 4907729. வர்க்கக் காரணியற்ற எண் என்னும் பெயர் இதற்குக் கிடைக்காது என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடுகிறது. 4907729இன் இலக்கக் கூட்டுத்தொகை 38, ஆகவே 3 இல்லை. மூன்றிலக்கச் சோதனை 729 − 907 + 4 = −174 என்று தருகிறது. 7, 11, 13 ஆகிய மூன்றும் 174ஐ வகுக்கவில்லை. 2215² = 4906225 என்பதால் எல்லைக்கல் 2215. மகிழ் எண் சோதனையில் 19630916 என்னும் எண் 245, 45, 41, 17, 50, 25, 29, 85, 89 என்று சென்று, 89இலிருந்து மீளாத சுழலில் விழுந்துவிடுகிறது. 4907729ஐ 17ஆல் வகுத்தால் மீதி 16. அடுத்து வகுக்க வேண்டியது 19.